நடுப்படி இல்லாத ஏணி

சிறிய சரக்கு விமானம் ஓட்டும் விமானிக்கு அடுத்தது என்ன? உலகின் பல நாடுகளில் இதற்குத் தெளிவான விடை உண்டு. இந்தியாவில் அந்த விடையை உருவாக்கத் தகுதியான ஊர் பெங்களூரு.

1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஒற்றை இன்ஜின் ‘புஸ் மாத்’ விமானம் ஒன்று தபால் பைகளோடு கிளம்பியது. ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாடா. அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹு வரை அவர் கொண்டுவந்த தபாலை, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸில் கொண்டுசேர்த்தார். பிற்காலத்தில் ஏர் இந்தியாவாக வளர்ந்த நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு 1949-இல் இரவு விமானத் தபால் சேவை தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நாக்பூரில் கூடின. தபாலை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பின. இந்த நாட்டின் விமானப் போக்குவரத்து மூட்டை சுமந்துதான் நடை பழகியது. அப்படிப்பட்ட நாட்டில், சிறிய விமானத்தில் சரக்கு ஏற்றிப் பறந்து, அந்த அனுபவத்தைக் கொண்டு மேலே போகும் பாதை இன்று ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அதன் விலையை இளம் விமானிகளும், அவர்களை நம்பிக் கடன் வாங்கிய பெற்றோர்களும், கடைசியில் பயணிகளும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைய நிலையைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்த ஒருவர், 200 மணி நேரம் பறந்து, தேர்வுகளில் தேறினால் வணிக விமானி உரிமமான சி.பி.எல். கிடைக்கும். அதற்கு ஆகும் செலவு அரை கோடி ரூபாயைத் தொடும், பலருக்கு அதையும் தாண்டும். அதன்மேல் ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட ரக விமானத்துக்கான ‘டைப் ரேட்டிங்’ பயிற்சிக்கு இன்னும் பல லட்சம் வேண்டும். 2023-இல் மட்டும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. 1,622 சி.பி.எல். வழங்கியது. இவர்களில் பெரிய நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் நுழைந்தவர்கள் நேராக 180 பேர் அமரும் ஜெட் விமானத்தின் துணை விமானி இருக்கைக்குப் போகிறார்கள். நுழைய முடியாதவர்கள் வீட்டில் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் காலத்தில் உரிமத்தை உயிரோடு வைத்திருக்கவும் பணம் கட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே சம்பளம் வாங்கிக்கொண்டே பறந்து தேறும் வேலை என்று ஒன்று கிடையாது. ஏணி இருக்கிறது; முதல் படியும் மேல்படியும் இருக்கின்றன; நடுப்படியைக் காணோம்.

அதே நேரத்தில் கேப்டன்களுக்குப் பற்றாக்குறை. 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நிறுவனம் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததையும், பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையத்தில் பயணிகள் தரையில் படுத்துக் கிடந்ததையும் நாடே பார்த்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களுக்கு வரம்பு விதித்த புதிய பணி நேர விதிகளுக்கு ஏற்ப ஆள்பலம் திட்டமிடப்படாததே அதன் முக்கியக் காரணம். அடுத்த 15 முதல் 20 ஆண்டுகளில் இந்தியாவுக்கு 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்கிறது மத்திய அரசு. ஒரு பக்கம் வேலைக்குக் காத்திருக்கும் உரிமதாரர்கள், மறுபக்கம் கேப்டன் கிடைக்காத நிறுவனங்கள். இவ்விரண்டும் ஒருசேர இருப்பது தற்செயல் ஆகாது. உரிமம் பெற்றவரைக் கேப்டனாக முதிரச் செய்யும் இடம் நம்மிடம் குறைவு என்பதே இதன் பொருள்.

எடையைப் படிக்கத் தெரிந்தவர்

சிறிய சரக்கு விமானம் என்ன கற்றுக்கொடுக்கும் என்பதற்கு, அமெரிக்காவில் ஃபெட்எக்ஸ் நிறுவனத்துக்காகப் பறக்கும் செஸ்னா காரவான் சரக்கு விமானத்தைக் கிட்டத்தில் பார்த்தால் போதும். ஒற்றை டர்போபிராப் இன்ஜின். ஒரு டன்னுக்குச் சற்று மேல் சரக்கு. சரக்கறையின் பக்கச் சுவர்களில் கோடு போட்டு மண்டலங்களுக்கு எண் கொடுத்திருப்பார்கள். எந்த மண்டலத்தில் எத்தனை கிலோ என்பதைக் கணக்கிட்டு, விமானத்தின் எடைமையம் அனுமதித்த எல்லைக்குள் விழுகிறதா என்று விமானி சரிபார்க்க வேண்டும். கதவு பின்பக்கம் இருப்பதால், ஏற்றும்போது பாரம் பின்னுக்குச் சாய்ந்து விமானம் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடாமல் இருக்க, வால் அடியில் ஒரு முட்டுக் கம்பியை நிறுத்தி வைப்பார்கள். வலை சரியாகக் கட்டப்பட்டதா, லித்தியம் பேட்டரி போன்ற ஆபத்தான பொருள் எந்தப் பெட்டியில் இருக்கிறது, அந்த முட்டுக் கம்பி எடுக்கப்பட்டதா என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கு இந்த வேலையைத் தரையில் பலர் செய்து காகிதமாகத் தருகிறார்கள். சரக்கு விமானி தன் கண்ணால் பார்த்துக் கற்கிறார். 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் 747 சரக்கு விமானம் ஒன்று கிளம்பிய உடனே விழுந்து, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். உள்ளே ஏற்றியிருந்த கனரக ராணுவ வண்டி கட்டு விட்டுப் பின்னால் நகர்ந்ததே காரணம். சரக்கின் எடை விமானியின் உயிரோடு எவ்வளவு நேரடியாகப் பிணைந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பறக்கும்போதும் அப்படித்தான். பெரும்பாலும் இரவு, பெரும்பாலும் கருவிகளை மட்டுமே நம்பிய பயணம், சிறிய ஓடுபாதைகள், ஒரே இரவில் பலமுறை ஏறி இறங்கும் வேலை. பெரிய ஜெட் விமானம் பெரும்பாலும் மேகக் கூட்டத்துக்கு மேலே ஏறிக் கடந்துவிடும். சிறிய விமானம் மேகத்துக்குள்ளேயே போக வேண்டும், அல்லது சுற்றிப் போக வேண்டும், அல்லது போகாமல் இருக்கத் துணிய வேண்டும். இந்த மூன்றில் எது என்று முடிவெடுப்பதே கேப்டனின் தொழில். கேப்டன் தகுதிக்கான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று நம் விதிகள் கேட்கின்றன. அதில் இரவிலும் கருவிகளை மட்டும் நம்பியும் பறந்த மணிகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. சிறிய சரக்கு விமானத்தின் அன்றாட வேலையே இந்த மணிகளைத் தருகிறது.

மணிக்கணக்கு மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, விமான நிறுவனத்தில் சேர 1,500 மணி நேரம் தேவை என்று அந்த நாடு சட்டம் செய்தது. 2013-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால், விழுந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணியைத் தாண்டியவர்கள். ஆக, எத்தனை மணி என்பதோடு எப்படிப்பட்ட மணி என்பதையும் கேட்டாக வேண்டும். இந்தியாவிலும் பறக்காத மணிகளை லாக்புக்கில் எழுதிய மோசடிகள் 2011-இல் வெளியே வந்து கைதுகள் வரை போயின. சரக்குப் பயணத்தில் ஒவ்வொரு பறப்புக்கும் எடைப் பட்டியல், சரக்குச் சீட்டு, இரு விமான நிலையங்களின் பதிவு என்று சாட்சிகள் தங்கிவிடுகின்றன. அந்த மணிகளைப் பொய்யாக எழுதுவது கடினம்.

அங்கிருந்து எங்கே போகலாம்?

முதல் வழி பயணிகள் விமானம். ஏ.டி.ஆர். போன்ற இரட்டை டர்போபிராப் விமானத்தில் சரக்கு ஓட்டிய ஒருவருக்கு, அதே விமானத்தைப் பயணிகளோடு இயக்கும் இண்டிகோவோ அலையன்ஸ் ஏரோ மிக இயல்பான அடுத்த இடம். விமானம் மாறுவதில்லை, பொறுப்பின் வகைதான் மாறுகிறது. இரண்டாம் வழி பெரிய சரக்கு விமானங்கள். சென்னையைத் தளமாகக் கொண்ட ப்ளூ டார்ட் ஏவியேஷன் 1996 முதல் இரவு நேரச் சரக்கு விமானங்களை இயக்கி வருகிறது. போயிங் 757, 737 விமானங்கள் அதனிடம் உள்ளன. பெங்களூரு அதன் முக்கிய நிலையங்களில் ஒன்று. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட குவிக்ஜெட், 2023 ஜனவரியில் தொடங்கிய அமேசான் ஏர் சேவைக்காக போயிங் 737-800 சரக்கு விமானங்களை ஓட்டுகிறது. இண்டிகோவும் 2022 முதல் ஏ321 சரக்கு விமானங்களை வைத்திருக்கிறது. எடைமையக் கணக்கையும் ஆபத்தான பொருள் விதிகளையும் இரவு வேலையின் ஒழுங்கையும் ஏற்கெனவே அறிந்த ஒருவர், இந்த நிறுவனங்களுக்குப் பாதிப் பயிற்சி முடித்தவராகவே வருவார்.

மூன்றாம் வகை வழிகளைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. ஆனால், பெங்களூரின் பலமே அங்கேதான் இருக்கிறது. 1940-இல் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை இன்று எச்.ஏ.எல். தேசிய விண்வெளி ஆய்வகமான என்.ஏ.எல். இங்கே ‘ஹன்சா’ பயிற்சி விமானத்தை உருவாக்கியது. ‘சரஸ்’ என்ற சிறு விமானத்தை 2004-இல் பறக்கவிட்டது. 2009-இல் பிடதி அருகே நடந்த விபத்தில் மூன்று உயிர்களை இழந்து, இடையில் நின்றுபோன அந்தத் திட்டத்தை மீண்டும் கையிலெடுத்து 19 இருக்கை விமானமாக வளர்த்து வருகிறது. ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. இத்தகைய ஊரில், சிறிய விமானத்தை நுணுக்கமாக அறிந்த விமானிக்குப் பயிற்சியாளர், தேர்வாளர், சிமுலேட்டர் ஆசிரியர், விமானப் பாதுகாப்பு ஆய்வாளர், டி.ஜி.சி.ஏ. பறப்பு ஆய்வாளர், ஏர் ஆம்புலன்ஸ் விமானி எனப் பல கதவுகள் திறக்கும். சரக்கு ட்ரோன்களை இயக்கும் நிறுவனங்களும் பெங்களூரில் முளைத்திருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளுக்குப் பிறகு தொலைவிலிருந்து இயக்கும் விமானிக்கெனத் தனிச் சான்றிதழே வந்துவிட்டது. வானிலையையும் எடையையும் வான்வெளி ஒழுங்கையும் உடம்பால் உணர்ந்த ஒருவர், அந்த நிறுவனங்களின் இயக்கப் பிரிவுக்குத் தலைமை ஏற்கத் தகுதியானவர். மருத்துவத் தகுதி இழந்த விமானியும் முழுவதுமாகக் கைவிடப்படுவதில்லை என்பதும் முக்கியம். ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் தரையில் இருந்தபடியே அவர் அனுபவம் பயன்படும்.

டெக்கான் விட்டுச்சென்ற பாடம்

சிறிய சரக்கு விமானத்தை நடுப்படியாக்கும் யோசனைக்கு முதல் எதிர்வாதம் பணத்தைப் பற்றியது. பெங்களூரிலேயே ஒருவர் முயன்று தோற்றார் என்பார்கள். உண்மைதான். ஜக்கூரில் 1997-இல் ஹெலிகாப்டர் நிறுவனம் தொடங்கி, 2003-இல் ஏர் டெக்கானைப் பறக்கவிட்ட கேப்டன் கோபிநாத்தைத் தமிழ் வாசகர்கள் ‘சூரரைப் போற்று’ படத்தின் மூலம் அறிவார்கள். படம் சொல்லாத அத்தியாயம் ஒன்று உண்டு. 2009 இறுதியில் அவர் ‘டெக்கான் 360’ என்ற சரக்கு விமான நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய இரவுத் தபால் சேவையைப் போலவே நாக்பூரை மையமாக வைத்தார். ஏர்பஸ் ஏ310 போன்ற பெரிய விமானங்களும் ஏ.டி.ஆர். விமானங்களும் சேர்ந்து ஓடின. 2011-இல் கடன் சுமையில் அது நின்றுபோனது.

இதிலிருந்து சிறிய சரக்கு விமானம் தேறாது என்ற முடிவுக்கு வருவது அவசரம். நாடு தழுவிய வலையையும் பெரிய ஜெட் விமானங்களையும் ஒரே மூச்சில் தொடங்கினால், சரக்கு நிறைவதற்கு முன்பே வாடகையும் எரிபொருளும் முதலைத் தின்றுவிடும். அன்றைய காலமும் வேறு. அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற இணைய வணிகம் அப்போது இந்தியாவில் தவழும் பருவத்தில்கூட முழுதாக வரவில்லை. இன்று கெம்பேகௌடா விமான நிலையம் கையாளும் சரக்கு, 2024-25 நிதியாண்டில் 5 லட்சம் டன்னைத் தாண்டியிருக்கிறது. ஏ.டி.ஆர். 72 விமானம் எட்டு டன் அளவில் சுமக்கும். அதை நிரப்பும் வேலை 737-ஐ நிரப்புவதில் மூன்றில் ஒரு பங்கு. ஃபெட்எக்ஸ் போன்ற பெரு நிறுவனம் 2017-இல் 30 புதிய ஏ.டி.ஆர். சரக்கு விமானங்களையும் 50 செஸ்னா ஸ்கைகூரியர் விமானங்களையும் ஆர்டர் செய்தது. சிறிய விமானத்துக்குக் காலம் முடிந்துவிட்டது என்று அது எண்ணியிருந்தால் அந்தப் பணத்தைப் போட்டிருக்காது.

சாலையில் லாரி ஓடும்போது விமானம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. ஹூப்ளிக்கோ கோயம்புத்தூருக்கோ இரவில் கிளம்பும் லாரி காலையில் போய்ச் சேர்ந்துவிடும்; அங்கே விமானம் போட்டி போடக்கூடாது. ஆனால், பீதர் பெங்களூரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கலபுரகி 600-ஐ ஒட்டி வரும். இவ்விரு ஊர்களிலும், பெலகாவி, சிவமொக்காவிலும் ஓடுபாதைகள் போடப்பட்டு, நாளின் பெரும்பகுதி காலியாகக் கிடக்கின்றன. பெலகாவியில் விமான உதிரிபாகத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மருந்து, ரத்த மாதிரி, இயந்திரத்தின் அவசர உதிரிபாகம், பூ, இணைய வணிகப் பொட்டலம் ஆகியவை நேரத்துக்குக் காசு கொடுக்கும் சரக்குகள். 40 டன்னுக்குக் குறைந்த விமானங்களை அட்டவணைப்படி இயக்கும் நிறுவனங்களின் எரிபொருளுக்கு விற்பனை வரி உச்சவரம்பு ஏற்கெனவே மத்திய சட்டத்தில் இருக்கிறது. சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்ந்த விமான நிலையங்களில் மாநில வரி 1 சதவீதமாகக் குறைக்கப்படுகிறது. பயணிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்தச் சலுகைகளைச் சரக்குக்கும் ஐயமற விரித்தால், கணக்கு மாறும்.

இருட்டில் தனியாக யாரையும் அனுப்ப வேண்டாம்

பாதுகாப்பு பற்றிய எதிர்வாதம் இதைவிடக் கனமானது. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். உலகெங்கும் சிறிய சரக்கு விமானத் தொழிலில் பழைய விமானம், குறைந்த சம்பளம், இரவு விழிப்பு, தனி விமானி என்ற நான்கும் கூடும்போது உயிர்கள் போயிருக்கின்றன. பெரிய சரக்கு விமானங்களும் இதற்குத் தப்பவில்லை. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து பர்மிங்காமில் யு.பி.எஸ். நிறுவனத்தின் ஏ300 விமானம் விடியலுக்கு முன் தரையிறங்கும்போது விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். களைப்பும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. அப்படியிருந்தும், அமெரிக்காவில் 2014-இல் நடைமுறைக்கு வந்த கடுமையான ஓய்வு விதிகளிலிருந்து சரக்கு விமானிகளுக்கான விலக்கு நீடித்தது. பெட்டிகள் புகார் சொல்லாது என்பதற்காக அவற்றைச் சுமப்பவரின் தூக்கத்தைக் குறைப்பது நியாயமற்றது. இந்தியா அந்தத் தவறைப் பின்பற்றவே கூடாது.

அதனால்தான் இந்தப் படியை எப்படிக் கட்டுகிறோம் என்பது முக்கியம். 200 மணி நேரக்காரரை ஒற்றை இன்ஜின் விமானத்தில் தனியாக மழை இரவுக்குள் அனுப்பச் சொல்லவில்லை. அமெரிக்காவிலேயே சரக்கு விமானத்தைக் கருவிகளை நம்பித் தனியே ஓட்ட 1,200 மணி நேரம் வேண்டும். அதுவரை பலர் பயிற்சியாளர்களாகத்தான் காலம் தள்ளுகிறார்கள். நமக்கு ஏற்றது இரண்டு இன்ஜின், இரண்டு விமானிகள் கொண்ட விமானம்: இடப்பக்கம் அனுபவமுள்ள கேப்டன், வலப்பக்கம் இளையவர். பயணிகள் விமானிக்கு உள்ள அதே ஓய்வு நேரம், அதே கண்காணிப்பு. இளையவர் பிழை செய்தால் திருத்த ஒருவர் பக்கத்தில் இருப்பார். பின்னால் 180 பேர் இருக்க மாட்டார்கள். கற்பதற்கு இதைவிட நல்ல இடம் எது?

தாங்களே பயிற்சி தந்து வளர்த்தெடுத்த விமானிகளைத்தான் பெரிய நிறுவனங்கள் விரும்புகின்றன, வெளியில் பழகியவரிடம் வேறு பழக்கங்கள் படிந்திருக்கும் என்று ஒரு வாதம் உண்டு. ஓரளவு உண்மை. சிமுலேட்டரில் இன்று இன்ஜின் தீயையும் ‘விண்ட் ஷியர்’ என்னும் திடீர்க் காற்று மாற்றத்தையும் மிகத் துல்லியமாகக் காட்ட முடிகிறது. ஏ320-இல் நேராகச் சேர்ந்து சிறந்த கேப்டன்களானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பாதையை மூட வேண்டியதில்லை. ஆனால், அந்தப் பாதைக்குப் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால்தான் நுழைவுக்கட்டணம் கட்ட முடிகிறது. அதுவும் நிறுவனம் ஆள் எடுக்கும் ஆண்டில் உரிமம் பெறும் அதிர்ஷ்டம் வேண்டும். 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் என்று நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நின்றபோது, ஒரே ரக விமானத்தை மட்டும் அறிந்த இளம் விமானிகள்தான் அதிகம் தவித்தார்கள். பலவகை அனுபவம் என்பது விமானிக்குக் காப்பீடு.

செய்ய வேண்டியவை

கர்நாடக அரசு, பெங்களூரை மையமாகக் கொண்டு நான்கைந்து தொலைதூர ஊர்களுக்கு இரவுச் சரக்கு வழித்தடங்களை ஏலம் விட்டு, முதல் சில ஆண்டுகளுக்கு உடான் பாணியில் இழப்பு ஈடு தரலாம். அந்த ஈட்டுக்கு ஒரு நிபந்தனை போதும்: வலப்பக்க இருக்கையில் புதிய உரிமதாரர் இருக்க வேண்டும், அவரிடம் டைப் ரேட்டிங் பணம் கேட்கக் கூடாது. சிறிய சரக்கு விமானத்தில் சேர்த்த இரவு மணிகளையும் கருவிப் பறப்பு மணிகளையும் ஆள்சேர்ப்பில் எப்படி மதிப்பிடுவது என்று டி.ஜி.சி.ஏ. விமான நிறுவனங்களோடு பேசி ஒரு பொது அளவுகோலை வெளியிட வேண்டும். சரக்கு விமானத்தில் இத்தனை மணி நேரம் முடித்தால் எங்கள் நேர்காணலுக்கு உறுதியான இடம் என்று பெரிய நிறுவனங்கள் எழுத்தில் தர வேண்டும். ஃபெட்எக்ஸ் தன் சிறு விமானக் கூட்டாளிகளிடமிருந்து விமானிகளை மேலே எடுக்க 2018-இல் இப்படியொரு திட்டத்தைத்தான் அறிவித்தது. எச்.ஏ.எல். தயாரிக்கும் டோர்னியர் 228 விமானத்துக்கு 2017-இல் சிவில் சான்று கிடைத்தது. 2022 ஏப்ரலில் அது அலையன்ஸ் ஏர் பெயரில் திப்ருகரிலிருந்து பாசிகாட்டுக்குப் பயணிகளோடு பறந்தது. அதன் சரக்கு வடிவத்துக்கு முதல் வாடிக்கையாளர் கர்நாடகத்திலேயே கிடைக்கட்டும்.

விமானியாகும் கனவோடு இருக்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விமானத்தின் அளவைப் பார்த்து வேலையை எடைபோடாதீர்கள். சரக்கு விமான வாய்ப்பு வந்தால், ஓய்வு விதி எழுத்தில் இருக்கிறதா, பக்கத்து இருக்கையில் அனுபவமுள்ளவர் இருப்பாரா, விமானத்தின் பராமரிப்புப் பதிவைக் காட்டுகிறார்களா, பயிற்சிக்கு உங்களிடம் பணம் கேட்கிறார்களா என்ற நான்கையும் கேளுங்கள். விடைகள் சரியாக இருந்தால் தயங்காமல் சேருங்கள். விடைகள் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கடமை அரசுக்கும் டி.ஜி.சி.ஏ.வுக்கும் உண்டு. 30,000 விமானிகள் வேண்டும் என்று சொல்லும் நாடு, அவர்கள் தேறி வருவதற்கான நடுப்படியையும் தானே கட்டித்தர வேண்டும். அந்த வேலையை பெங்களூரிலிருந்து இப்போதே தொடங்கலாம்.